தாளே சிக்கவில்லை, ஆனாலும் "பேப்பர் ஜாம்"!

சிதம்பரத்தில் இருந்து என் அக்கா போன் செய்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும்.

"தம்பி, பிரிண்டர் மறுபடியும் ஜாம்னு சொல்லுதுடா. கவரைத் திறந்து பார்த்தா உள்ளே ஒரு துண்டு பேப்பர்கூட இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு பொண்ணுக்கு புராஜக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். 86 பக்கம், மூணு காப்பி. மெக்கானிக் ப்யூசரை மாத்தணும்னு சொல்றார். 3,800 ரூபாய் ஆகுமாம்."

அக்கா அண்ணாமலை நகர் போகும் வழியில் சிறிய டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், செகண்ட் ஹேண்டில் 6,500 ரூபாய்க்கு வாங்கிய ஒரு லேசர் பிரிண்டர். இவைதான் கடையின் மொத்த சொத்து. பல்கலைக்கழக மாணவர்கள்தான் வாடிக்கையாளர்கள். பிரிண்டர் நின்றால் அன்றைய வருமானமும் நின்றது என்று பொருள். ஏற்கனவே போன வாரம் 900 ரூபாய் கொடுத்து பிக்கப் ரோலரை மாற்றியிருந்தார். பிரச்னை தீரவில்லை. பிரிண்ட் கேட்டு வருபவர்களை இரண்டு நாட்களாகப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிக் கொண்டிருந்தார்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் ஒரு டார்ச் லைட், ஒரு சிறிய பெயிண்ட் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், பழைய பருத்தித் துணி. வழியில் ஒரு விஷயம் மட்டும் மனதில் ஓடிக் கொண்டே இருந்தது. தாள் இல்லாத போது, தாள் சிக்கிவிட்டது என்று பிரிண்டருக்கு யார் சொல்கிறார்கள்?

புதிதாக லேசர் பிரிண்டர் வாங்கியவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரத்தான் செய்யும். எனவே முதலில் இதற்கான பதிலைப் பார்ப்போம்.

பிரிண்டருக்குக் கண் கிடையாது

பிரிண்டர் தாளைப் பார்ப்பதில்லை. அது தாளைத் தடவித்தான் அறிகிறது. தாள் செல்லும் பாதையில் சில இடங்களில் சிறிய பிளாஸ்டிக் லீவர்கள் நாக்கு போல நீட்டிக் கொண்டிருக்கும். தாள் வரும்போது லீவரின் ஒரு முனையைத் தள்ளும். உடனே அதன் மறுமுனை நகரும். அந்த மறுமுனை இருக்கும் இடத்தில் ஆங்கில "யூ" எழுத்து வடிவில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்ப்ரா ரெட் ஒளியை வீசும் எல்.இ.டி.; எதிர்ப்பக்கத்தில் அந்த ஒளியை வாங்கும் போட்டோ டிரான்சிஸ்டர். லீவர் நடுவில் வந்தால் ஒளி மறையும்; விலகினால் ஒளி தெரியும். (சில மாடல்களில் இது தலைகீழாக இருக்கும்.) தாள் போன பின் ஒரு மெல்லிய ஸ்பிரிங் லீவரைப் பழைய இடத்திற்கே கொண்டு வந்துவிடும்.

பொதுவாக மூன்று இடங்களில் இத்தகைய சென்சார்கள் இருக்கும். டிரேயில் தாள் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. தாள் டோனர் கார்ட்ரிட்ஜுக்குள் நுழையும் முன் ஒன்று. ப்யூசரைத் தாண்டி வெளியே செல்லும் வழியில் ஒன்று. பெரிய ஆபீஸ் பிரிண்டர்களில், குறிப்பாகத் தாளின் இரு பக்கமும் அச்சிடும் மாடல்களில், இன்னும் கூடுதலாக இருக்கும்.

இனி பிரிண்டர் செய்வது எல்லாம் கடிகாரம் பார்க்கும் வேலைதான். ரோலர் தாளை இழுத்த பின் இத்தனை நேரத்திற்குள் அது முதல் லீவரைத் தொட வேண்டும். தொட்ட பின் இத்தனை நேரத்திற்குள் விலக வேண்டும். அதன் பின் இத்தனை நேரத்திற்குள் கடைசி லீவரையும் தாண்டிச் செல்ல வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறினாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு "பேப்பர் ஜாம்" என்று சொல்லிவிடும். பிரிண்டரை ஆன் செய்தவுடன் ஏதாவது ஒரு லீவர் அழுந்திய நிலையில் இருந்தால், உள்ளே பழைய தாள் ஒன்று இருப்பதாக எண்ணி அப்போதும் இதையே சொல்லும்.

ஆக, "பேப்பர் ஜாம்" என்பதன் உண்மையான பொருள் "தாள் சிக்கிவிட்டது" என்பதல்ல. "நான் எதிர்பார்த்த நேரத்தில் லீவர் நகரவில்லை" என்பதுதான். இதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எப்போது சொல்கிறது என்று கவனியுங்கள்

எர்ரர் வந்தவுடன் கவரைத் திறந்து கையை விடுவதுதான் நாம் எல்லாரும் செய்யும் முதல் தவறு. அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, எர்ரர் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

1. ஆன் செய்தவுடனேயே, எந்தத் தாளும் நகரும் முன் வருகிறதா? ஏதோ ஒரு லீவர் அழுந்தி நிற்கிறது, அல்லது சென்சாரை ஏதோ மறைக்கிறது. கிழிந்த தாள் துண்டு, உரிந்த ஸ்டிக்கர், தூசு, சிலந்தி வலை, இடம் மாறிய ஸ்பிரிங் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

2. ரோலர் சுற்றும் சத்தம் கேட்டு, தாள் டிரேயிலேயே நிற்கும்போது, அல்லது கொஞ்சமே உள்ளே போனபோது வருகிறதா? இங்கு பெரும்பாலும் சென்சார் மீது குற்றம் இல்லை. பிக்கப் ரோலர் வழுக்குகிறது. தாள் தாமதமாக வருகிறது.

3. தாள் ஒழுங்காக அச்சாகி வெளியே வந்த பின், அல்லது பாதி வெளியே வந்த நிலையில் வருகிறதா? கடைசி லீவர், அதன் ஸ்பிரிங், அல்லது கம்ப்யூட்டரில் நீங்கள் தந்திருக்கும் பேப்பர் அளவு ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்த மூன்றில் எது என்று தெரிந்தால், எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பிரிண்டர் முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை.

கை வைக்கும் முன்

சுவிட்சை மட்டும் ஆப் செய்தால் போதாது. ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்ட வைக்கும் ப்யூசர் 200 டிகிரி செல்சியஸ் அளவிற்குச் சூடாகும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்ட பின்னரே அந்தப் பக்கம் கை செல்ல வேண்டும்.

டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் அதன் டிரம்மைத் தொடாதீர்கள். அதன் மீது வெளிச்சம் படுவதும் கெடுதல். ஒரு கறுப்புத் துணியால் அல்லது தடித்த காகிதத்தால் மூடி வையுங்கள். டோனர் கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் கூடாது. தரையில் கொட்டினால் ஈரத் துணியால் துடைக்கலாம். வீட்டு வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்த வேண்டாம். டோனர் மிக நுண்ணிய தூள் என்பதால் அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பரவும்.

இன்னொன்று. லேசர் பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கான சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைக்காதீர்கள். ப்யூசர் சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை அந்த யு.பி.எஸ். தாங்காது.

சிதம்பரத்தில் கண்டது

ஏழு மணிக்கு அக்கா கடையைத் திறந்தார். ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் கொடுக்கச் சொன்னேன். அழகாக வந்தது. இரண்டு பக்கம் கொடுக்கச் சொன்னேன். முதல் பக்கம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது பக்கம் பாதியில் நின்றது. ஆரஞ்சு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அந்தத் தாளை மெல்ல இழுத்தேன். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கசங்கல் இல்லை. உண்மையில் சிக்கிய தாள் இப்படி வராது.

"பத்து நிமிஷம் ஆப் பண்ணி வெச்சா சரியாயிடுதுடா. அப்புறம் மறுபடியும் இதே கதை. அதனாலதான் சூடு தாங்கலை, ப்யூசர் போச்சுன்னு மெக்கானிக் சொன்னார்" என்றார் அக்கா.

மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறினால் சரியாகிறது என்றால் யாருக்கும் சூட்டின் மீதுதான் சந்தேகம் வரும். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அச்சிட்டு, ஒரு நிமிடம் விட்டு அடுத்த பக்கம். இப்படி ஐந்து பக்கம். ஐந்தும் வந்தன. இடையில் பிரிண்டரை ஆப் செய்யவே இல்லை. சூடுதான் காரணம் என்றால் ஐந்தாவது பக்கத்திலாவது நின்றிருக்க வேண்டாமா?

அப்படியானால், பத்து நிமிடத்தில் ஆறுவது ப்யூசர் மட்டும்தானா? வேறு ஏதாவது அந்த இடைவெளியில் மெல்லத் தன் இடத்திற்குத் திரும்புகிறதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பிரிண்டர் நிமிடத்திற்கு 14 பக்கம் அச்சிடும். ஒரு பக்கத்திற்கு நான்கு விநாடிக்குச் சற்று அதிகம். அதில் பெரும்பகுதி தாள் ஓடும் நேரம். ஒரு தாளின் வால் போன பின் அடுத்த தாளின் தலை வரும் முன் கிடைக்கும் இடைவெளி ஒரு விநாடியோ, அதற்கும் குறைவோதான். அந்த நேரத்திற்குள் லீவர் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த தாள் வந்து மறுபடி அழுத்திவிடும். பிரிண்டரைப் பொறுத்தவரை முதல் தாள் இன்னும் போகவே இல்லை. எனவே ஜாம்! ஒரே ஒரு பக்கம் என்றால் லீவர் மெதுவாகத் திரும்பினாலும் தப்பித்துக் கொள்ளும்.

ப்ளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் காத்திருந்து, பின்பக்கக் கவரைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் ப்யூசருக்கு அப்பால் இருந்த கறுப்பு லீவர் தெரிந்தது. பஞ்சுக் குச்சியால் மெல்ல அழுத்திவிட்டேன். அது "டக்" என்று திரும்பவில்லை. மாட்டு வண்டி மேடேறுவது போல மெல்ல மெல்ல ஏறியது. அதன் அச்சில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, மை போல ஒரு பசை.

அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஜனவரியில் பொங்கலுக்கு வந்திருந்தபோது பிரிண்டர் "கீச் கீச்" என்று சத்தம் போடுகிறது என்று அக்கா சொன்னார். எல்லாம் தெரிந்தவன் போலப் பின்பக்கத்தைத் திறந்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டது நான்தான். சத்தம் நின்றது. பாராட்டையும் வாங்கிக் கொண்டு ஊருக்குப் போய்விட்டேன். அந்த எண்ணெயில் டோனர் தூளும் பேப்பர் தூசும் நாள்தோறும் ஒட்டி, மார்ச் மாதத்தில் பசையாகிவிட்டது.

சரி செய்வது சிரமமாக இல்லை. செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டைச் சுத்தம் செய்ய ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள். கீழவீதியில் ஒரு கடையில் கொஞ்சம் வாங்கி வந்தோம். பஞ்சுக் குச்சியில் நனைத்து, சொட்டாத அளவிற்குப் பிழிந்து, லீவரின் அச்சையும் சுற்றுப்புறத்தையும் துடைத்தேன். குச்சி கறுப்பு கறுப்பாக வந்தது. ஏழெட்டுக் குச்சிகளுக்குப் பின் வெள்ளையாக வந்தது. இப்போது லீவரைத் தட்டினால் "டக்" என்று திரும்பியது. இந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். எனவே கவரைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் நன்றாக உலரவிட்ட பின்தான் ப்ளக்கைச் செருகினேன்.

பின் 86 பக்கத்தையும் ஒரே மூச்சில் கொடுத்தோம். மூன்று காப்பிக்கு மொத்தம் 258 பக்கம். இருபது நிமிடத்திற்குள் முடிந்தது. பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தபோது ரிப்போர்ட் பைண்டிங்குக்கே போய்விட்டிருந்தது.

அக்காவிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் தேவையில்லாமல் 900 ரூபாய் செலவு செய்திருந்தார். இன்னும் 3,800 செலவு செய்ய இருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ரோலருக்குக் கொடுத்த 900-ஐ நீயே கொடுத்துடு. இனிமே எண்ணெய்ப் பாட்டிலைத் தையல் மெஷின் பக்கம் மட்டும் கொண்டு போ" என்றார். கொடுத்துவிட்டேன். மெக்கானிக்குக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் மீது வீண் பழி இருக்கக் கூடாது அல்லவா?

எனவே முதல் பாடம்: பிரிண்டருக்குள் எந்த எண்ணெயும் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

கடலூரில் கற்றது

இரண்டாவது பாடம் பழையது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நான் வேலை பார்த்த அலுவலகத்தில் முதல் நாள் மாலை பிரிண்ட் ஓடிக் கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. பல நாட்கள் கழித்து மின்சாரம் வந்து பிரிண்டரை ஆன் செய்தால், ஆன் செய்தவுடனேயே ஜாம். பாதியில் நின்ற தாள் ஈரக் காற்றில் ஊறிப்போய் உள்ளே இருந்தது. இழுத்தவுடன் ஈர அப்பளம் போலத் துண்டு துண்டாக வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். எர்ரர் போகவில்லை.

மூன்று நாட்கள் கழித்து ஒரு மூத்த ஊழியர் ஒரு யோசனை சொன்னார். குப்பைக் கூடையில் போட்ட துண்டுகளை எடுத்து மேஜையில் ஒரு முழுத் தாளாக ஒட்ட வைத்துப் பார்த்தோம். ஒரு மூலை காணவில்லை! கட்டை விரல் நகம் அளவுள்ள துண்டு. டார்ச் அடித்துத் தேடியபோது அது கார்ட்ரிட்ஜுக்குக் கீழே இருந்த லீவரின் அடியில் செருகிக் கிடந்தது.

தாள் கிழிந்து வந்தால் நீங்களும் இதைச் செய்திடுங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, நான்கு மூலைகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கிழியாமல் எடுக்க, இரண்டு கைகளாலும் தாளின் இரு ஓரங்களைப் பிடித்து, தாள் இயல்பாகச் செல்லும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும்.

அந்தத் துண்டை எடுக்க ஒருவர் இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டார். துண்டு வந்தது. லீவரும் உடைந்து கூடவே வந்தது. லீவர் உடைந்தால் தாள் வந்தாலும் பிரிண்டருக்குத் தெரியாது. "தாள் வரவில்லை" என்று கருதி அதற்கும் ஜாம் என்றே சொல்லும். இல்லாத ஜாமைச் சரி செய்யப் போய் நிரந்தர ஜாமை வாங்கிக் கொண்டோம். இரும்புப் பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள்.

கடலோரக் காற்றும் தாளும்

கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது காற்றில் ஈரம் மிக அதிகம். திறந்து வைத்த தாள் அந்த ஈரத்தை உறிஞ்சும். ஓரம் சுருளும். ஒன்றோடு ஒன்று ஒட்டும். ரோலர் இழுக்கும்போது வழுக்கும் அல்லது இரண்டாகப் போகும். இரண்டுமே லீவரின் கணக்கைக் கெடுக்கும்.

தேவையான அளவு தாளை மட்டும் டிரேயில் வையுங்கள். மீதியை அதன் உறையிலேயே சுற்றி, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாள் வீட்டு பிரிண்டர்களுக்குப் போதும். டிரேயில் வைக்கும் முன் தாள் கட்டின் ஓரங்களை விசிறி போல ஒருமுறை பிரித்து, மேஜையில் தட்டி நேராக்குங்கள். டிரேயில் உள்ள இரண்டு கைடுகளும் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

ரோலர் வழுக்கினால் உடனே புதியது வாங்க வேண்டாம். முதலில் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த, நூல் பிரியாத துணியால் ரப்பர் முழுவதையும் துடைத்து, உலர்ந்த பின் போட்டுப் பாருங்கள். பளபளப்பாக இருக்கும் ரப்பர் பேப்பர் தூசு படிந்ததாக இருக்கலாம். வெடித்து, இறுகிப் போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முகவரி ஸ்டிக்கர் தாளில் சில ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு மீதியை மீண்டும் பிரிண்டருக்குள் அனுப்பாதீர்கள். சூட்டில் ஒரு ஸ்டிக்கர் கழன்று ரோலரிலோ, லீவரிலோ ஒட்டிக் கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

கம்ப்யூட்டர் செய்யும் குழப்பம்

பிரிண்டரில் எல்லாம் சரியாக இருந்தும் எர்ரர் வருகிறதா? கம்ப்யூட்டரையும் ஒரு முறை பாருங்கள்.

ஏ4 தாளின் நீளம் 297 மில்லி மீட்டர். அமெரிக்காவில் பயன்படும் லெட்டர் தாளின் நீளம் சுமார் 279 மி.மீ. நீங்கள் டிரேயில் ஏ4 வைத்துவிட்டு, வேர்ட் டாகுமென்ட்டில் லெட்டர் என்று விட்டுவிட்டால், சில பிரிண்டர்கள் 279 மி.மீ. போன பின்னும் லீவர் விடுபடவில்லையே என்று திகைத்து, ஜாம் என்று நின்றுவிடும். 18 மி.மீ. வித்தியாசம் செய்யும் வேலை இது! பேஜ் செட்டப் பகுதியிலும், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் பகுதியிலும், இரண்டிலும் ஏ4 என்று அமைத்திடுங்கள்.

இன்னொரு குழப்பம். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் மானிட்டரில் மட்டும் ஜாம் என்று செய்தி நிற்கிறது. இது பழைய செய்தி நீங்காமல் இருப்பது. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் சென்று, உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் க்யூவைத் திறந்து, நிற்கும் வேலைகளை எல்லாம் கேன்சல் செய்திடுங்கள். பின் பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் ஆப் செய்து ஆன் செய்திடுங்கள். அப்படியும் க்யூ காலியாகவில்லை என்றால், விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, வரும் கட்டத்தில் சர்வீசஸ் டாட் எம்.எஸ்.சி. என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் மீது ரைட் கிளிக் செய்து, ரீஸ்டார்ட் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இத்துடன் செய்தி நீங்கிவிடும்.

ஒரு பேப்பர் ஜாம் தந்த பரிசு

லேசர் பிரிண்டரை ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர் உருவாக்கினார். 1971-ல் அந்நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அது முழு வடிவம் பெறத் தொடங்கியது. 1984-ல் எச்.பி. நிறுவனம், கேனன் தயாரித்த இயந்திரத்தை உள்ளே வைத்து, முதல் லேசர்ஜெட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பின்தான் லேசர் பிரிண்டர் மேஜை மீது வந்து அமர்ந்தது.

இடையில் ஒரு சுவையான சம்பவம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகத் தந்தது. அது அடிக்கடி ஜாம் ஆகும். அங்கு புரோகிராமராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரில், ஜாம் ஆனால் காத்திருப்பவர்களின் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும்படி புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். புதிய பிரிண்டரிலும் அதைச் செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் அவருக்குத் தரப்படவில்லை. சாப்ட்வேர் பயனாளரின் கையில் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் உறுதியாக்கிய அனுபவங்களில் இது ஒன்று என்று அவரே கூறியிருக்கிறார். 1983-ல் அவர் அறிவித்த குனு திட்டமும், 1991-ல் வந்த லினக்ஸும் சேர்ந்துதான் இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் லினக்ஸ் சிஸ்டங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

நீங்களாகச் செய்யக் கூடியவை இவ்வளவுதான்: பார்ப்பது, துடைப்பது, லீவர் துள்ளித் திரும்புகிறதா என்று சோதிப்பது. லீவர் உடைந்திருந்தாலோ, ஸ்பிரிங் கழன்றிருந்தாலோ, லீவர் சரியாக இருந்தும் எர்ரர் தொடர்ந்தாலோ, மெக்கானிக்கை அழையுங்கள். ப்யூசரை நீங்களே பிரிக்காதீர்கள். வாரண்டி இருந்தால் ஸ்குருவில் கை வைக்கவே வேண்டாம்.

அழைக்கும்போது "ஜாம் ஆகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த நான்கு விஷயங்களைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். ஆன் செய்தவுடன் வருகிறதா, தாள் இழுக்கும்போதா, வெளியேறும்போதா? ஒரு பக்கம் கொடுத்தால் வருகிறதா, பல பக்கம் கொடுத்தால் மட்டுமா? தாளை எடுக்கும்போது கசங்கி இருக்கிறதா, நேராக இருக்கிறதா? கடைசியாகப் பிரிண்டருக்குள் யார் என்ன செய்தார்கள்?

நான்காவது கேள்விதான் முக்கியம். என் அக்காவை மெக்கானிக் அதைக் கேட்டிருந்தால், பொங்கலுக்கு வந்த தம்பி எண்ணெய் விட்டது அன்றே தெரிந்திருக்கும். பதிலைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 3,800 ரூபாயை விடக் கூச்சம் பெரிதல்ல.

இப்போது அக்கா கடையில் பிரிண்டர் மீது ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது: "எண்ணெய் விடாதீர்". நான் போகும்போது எல்லாம் என் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்.